தார் போடும் முன்னால் குழாயைப் பாருங்கள்

நாகர்கோவிலில் எங்கள் தெருக் கதையைக் கேளுங்கள். புதுத் தாரின் வாடைகூடப் போகவில்லை, அதற்குள் அடியில் குடிநீர்க் குழாய் உடைந்து ரோட்டை நட்டநடுவில் தோண்டிவிட்டார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தால் தோண்டித்தான் ஆக வேண்டும், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் தெரு வாட்ஸப் குரூப்பில் ஒருத்தர், "ஒரு லீக்குக்கு இத்தனை பேச்சா?" என்று போட்டாரே, அதுதான் தாங்கவில்லை.

ஒரு லீக் இல்லை அண்ணாச்சி. அந்தக் குழாயே முடிந்துபோனது. வெட்டி எடுத்த வார்ப்பிரும்புத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நாலு இஞ்ச் குழாய், உள்ளே துரு முண்டு முண்டாக ஏறி ரெண்டு விரல்தான் நுழைகிறது. இதற்கு கிளாம்ப் மாட்டி மூடினால் பத்தடி தள்ளி அடுத்தது உடையும். அதனால்தான் சொல்கிறேன், தார் போடும் முன்னால் குழாயைப் பாருங்கள்.

தண்ணீரை அடைக்கும் வால்வைத் தேடி மூணு இடத்தில் குழி தோண்டினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் ரிட்டயர் ஆன ஃபிட்டர் அண்ணனைக் கூட்டி வந்தார்கள். கோயில் மதிலிலிருந்து எட்டு வைத்து நடந்து வந்து, "இங்க தோண்டு மக்கா" என்றார். இருந்தது! ஒரு நகரத்தின் குழாய் வரைபடம் ஒரு பெரியவரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கலாமா? எந்தத் தெருவில் எந்த வருஷம் போட்ட குழாய், எத்தனை தடவை உடைந்தது என்று எழுதி வையுங்கள். அதிகம் உடைகிற தெருவை முதலில் மாற்றுங்கள்.

கோடையில் எங்கள் ஊருக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணை மைனஸ் அடிக்கு, அதாவது அளவுகோலின் பூஜ்யத்துக்கும் கீழே, போகும்போது கூடுதல் தண்ணீர் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதை இந்தத் துருக் குழாயில் அழுத்தித் தள்ளினால் இன்னும் நாலு இடத்தில் கிழியும். விட்டு விட்டு சப்ளை வரும் ஊரில் ஆபத்து இன்னும் அதிகம். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும், ஓட்டை வழியாகச் சாக்கடையை உள்ளே இழுக்கும். அதனால்தான் எங்கள் அம்மா முதல் ரெண்டு குடத்தை வாழை மூட்டில்தான் கொட்டுவாள்.

"குழாய் மாற்றினால் திருவனந்தபுரம் மாதிரி ஆகும்" என்கிறார்கள். 2024 செப்டம்பரில் திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில் பாதை இரட்டிப்புக்காக அங்கே பெரிய குழாய்களை இடம் மாற்றினார்கள். வேலை சொன்ன நேரத்தில் முடியாமல் நாலு நாள் இழுத்தது, தண்ணீர் இல்லாமல் மாநகராட்சிப் பகுதியில் பள்ளிக்கூடங்களுக்கே லீவு விட்டார்கள். என் அக்கா அங்கே கைக்குழந்தையோடு டேங்கர் லாரிக்காக மாடி ஏறி இறங்கினாள். அந்த அவதி எனக்குத் தெரியாதா? அதனால்தானே மாற்று வழியை முதலில் தயார் செய்துவிட்டுக் கை வையுங்கள் என்கிறேன்.

பணம் எங்கே என்று கேட்பது நியாயம். ஒரே வருஷத்தில் ஊர் முழுக்க மாற்றச் சொல்லவில்லை. ஒரே ரோட்டுக்கு ரெண்டு தடவை தார் போட மட்டும் பணம் எங்கிருந்து வருகிறது? வரி கட்டாதவன் பேசுகிறான் என்றும் ஒருத்தர் எழுதியிருக்கிறார். என் வீட்டுக் குடிநீர்க் கட்டண ரசீது எல்லாம் இருக்கிறது, வந்து பாருங்கள்.

"கேன் தண்ணீர் வாங்கிக்கோ" என்று குரூப்பில் சொன்னவர் வீட்டில் போர்வெல் இருக்கிறது. எங்கள் வரிசையில் கிணறெல்லாம் உப்பு. ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணீர் விட்டால் எழுந்து குடம் வைப்பது யார்? அறுபது வயது தாண்டிய அம்மாமார்தான். அவர்கள் முட்டி வலியைப் பற்றி அந்த குரூப்பில் இதுவரை ஒருத்தர்கூட ஒரு வரி எழுதவில்லை.

அடுத்த தெருவில் ஜல்லி இறக்கிவிட்டார்கள். தார் ஊற்றும் முன்னால் அந்தக் குழாயைச் சோதிக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். "ஒரு லீக்" என்ற அண்ணாச்சியும் வரலாம், அவர் கையெழுத்தும் வேண்டும்.