ஒளிர்வது கருந்துளை அன்று

விண்மீன் திரள்களின் நடுவிலுள்ள கருந்துளைகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் ‘கருந்துளை எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது’ என்றுள்ள வரி திருத்தப்பட வேண்டும். கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு, அவர்கள் அதனை அப்படியே மனனம் செய்துவிடுவார்களோ என்ற கவலை உண்டு. கருந்துளையைச் சூழ்ந்த, எதுவும் மீள முடியாத எல்லையான நிகழ்வெல்லைக்குள்ளிருந்து ஒளி வெளியேறாது. துளையைச் சுற்றிச் சுழன்று விழும் வாயுத்தட்டில் பிறக்கும் கழியூதா ஒளி, அருகிலுள்ள மிகச் சூடான இலத்திரன் முகிலில் மோதிச் சக்தி பெற்று எக்ஸ் கதிராகிறது.

இக்கதிர்களின் செறிவு சில மணித்தியாலங்களுக்குள் பெரிதும் மாறுவதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. விடயத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். ஒளி தன்னைக் கடக்க எடுக்கும் நேரத்தைவிட விரைவாக எந்தப் பொருளும் முழுமையாகப் பிரகாசம் மாற இயலாது என்பதால், ஒரு மணித்தியாலத்தில் மாறும் பகுதி ஏறத்தாழ 108 கோடி கிலோமீற்றருக்கு மேற்படாது (கருந்துளையருகிலிருந்து பீறிடும் துகள் தாரை நம்மை நோக்கிப் பாயும் விண்மீன் திரள்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது). அது சூரியனிலிருந்து சனிக்கோள் உள்ள தூரத்திலும் குறைவு. அவ்வளவு சிறிய இடம் பிரகாசத்தில் ஒரு விண்மீன் திரளையே விஞ்சக்கூடும் என்று சொன்னபோது என் வகுப்பில் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

1எச் 0707-495 என்ற விண்மீன் திரளில் கடின (சக்தி கூடிய) எக்ஸ் கதிர்களின் மாற்றத்தை மென் (சக்தி குறைந்த) எக்ஸ் கதிர்கள் ஏறத்தாழ 30 செக்கன் பிந்தித் தொடர்வது 2009இல் அறிவிக்கப்பட்டது. தட்டில் பட்டுத் தெறித்த ஒளியின் எதிரொலியாக ஆய்வாளர் அதனை விளக்கினர். வன்னியின் இருண்ட வானிலும் இக்கதிர்கள் தரையை எட்டுவதில்லை, வளிமண்டலம் உறிஞ்சிவிடுகிறது. எக்ஸ்எம்எம்-நியூட்டன் போன்ற செய்மதிகள் அதனாலேயே தேவைப்படுகின்றன. அடுத்த பகுதியில் கட்டுரையாளர் இவ்வெதிரொலியை விரித்தெழுத வேண்டுகிறேன்.