முதலில் ஓர் அட்டைப்பெட்டி

அடிபட்ட அணிலோ ஆந்தையோ மைனாவோ உங்கள் வீட்டுக் கொல்லையில் விழுந்து கிடந்தால் பால் ஊற்றாதீர்கள். தண்ணீரும் ஊற்றாதீர்கள். மஞ்சள் அப்பாதீர்கள். மடியில் வைத்துத் தடவிக் கொடுக்காதீர்கள். அதட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இவை ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு வயதில் நானே செய்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். போன தை மாதம், பனி இன்னும் விலகாத காலை நேரம். கிணற்றடியில் காக்கைகள் ஊரைக் கூட்டுவதுபோலக் கத்திக்கொண்டிருந்தன. போய்ப் பார்த்தால் வாழைகளுக்கு நடுவே ஒரு கூகை. வெள்ளை முகம், அரசிலையைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்குமே, அந்த ஆந்தைதான். இடது இறக்கை தரையில் இழுபட்டது. காக்கைகள் மாறி மாறி இறங்கி அதன் தலையைக் கொத்தின. நான் கிட்டே போனதும் மல்லாந்து சாய்ந்து இரண்டு கால்களையும் முன்னால் நீட்டிக்கொண்டு பாம்புபோலச் சீறியது.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "தம்பி, அது சாக்குருவி. வீட்டுக்கு ஆகாது. கம்பால வெளிய தள்ளி விட்டுடு."

பாட்டியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அவருக்கு அவர் அம்மா சொன்னது அது. ஆனால் எங்கள் ஊர் வயல்களைப் பாருங்கள். நடவு முடிந்ததும் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைப்போம். ராத்திரியில் ஆந்தை வந்து அதில் உட்கார வேண்டும், எலியைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். வயலில் உட்காரக் குச்சி நட்டு வரவேற்கிற பறவையை, வீட்டுக்குப் பக்கத்தில் அடிபட்டுக் கிடக்கும்போது மட்டும் கம்பால் தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கனமான ஒரு துண்டை எடுத்து அதன் தலையோடு சேர்த்து மூடினேன். கண் மறைந்ததுமே சீறல் நின்றது. ஆந்தைக்கு அலகைவிட நகம்தான் ஆபத்து, அதனால் துணிக்கு மேலாகவே இரண்டு காலையும் பிடித்துக்கொண்டேன். மளிகைக் கடையில் வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று பரணில் இருந்தது. பறவையை உள்ளே விடும் முன்பே பக்கங்களில் ஓட்டை போட்டு, அடியில் பழைய நூல் புடவையை மடித்துப் போட்டு, உள்ளே வைத்து மூடினேன். டிவி சத்தம் கேட்காத, ஆள் போகாத நெல் அறையில் கொண்டுபோய் வைத்தேன். என் மகள் "ஒரே ஒரு தடவை திறந்து பார்க்கிறேன்ப்பா" என்று நாலைந்து முறை கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். நானும் திறக்கவில்லை. அந்தப் பெட்டியை மூடி வைத்த ஏழு மணி நேரமும் எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கை பரபரக்கும்.

காட்டு உயிர்களுக்கு நாம் வேட்டையாடுகிற பிராணி. நாய்க்குட்டி நம் கையில் அமைதியாக இருப்பதும் அணில் அமைதியாக இருப்பதும் ஒன்றில்லை. அணில் பயத்தில் உறைந்துபோயிருக்கிறது. தடவத் தடவ "பாருங்க, எப்படிப் பழகிடுச்சு" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம், அதற்கு இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். பிடிபட்ட பயத்திலேயே தசைகள் சிதைந்து, சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ செத்துப்போகிற காட்டு விலங்குகள் உண்டு. கால்நடை மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். காயம் ஒரு பக்கம் இருக்க, நம் அன்பே அதைக் கொன்றுவிடும். இருட்டும் தனிமையும் கொஞ்சம் கதகதப்பும்தான் அந்த நேரத்தில் நாம் கொடுக்கக்கூடிய முதலுதவி.

பால் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பதினோரு வயது இருக்கும். ஆடிக் காற்றில் தென்னை மட்டை ஒன்று முறிந்து அணில் கூடு கீழே விழுந்தது. கண் திறக்காத மூன்று குட்டிகள். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அவற்றை எடுத்து, பஞ்சில் படுக்க வைத்து, இங்க் ஃபில்லரில் பசும்பால் எடுத்து மணிக்கொரு தரம் ஊட்டினோம். ஒரு குட்டிக்கு மூக்கு வழியாகப் பால் வந்தது. நிறையக் குடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். மறுநாள் மாலைக்குள் மூன்றும் போய்விட்டன. கிணற்றடியில் புதைத்து, மேலே செம்பருத்திப் பூ வைத்தோம்.

ரொம்ப வருஷம் கழித்து ஒரு கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். மூக்கு வழியாக வந்தது என்றால் பால் நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்றார். குளிர்ந்துபோன குட்டிக்கு எந்த உணவும் செரிக்காது, முதலில் உடம்பு சூடாக வேண்டும், அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம் என்றார். மாட்டுப்பால் எப்படியும் அணில் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாதாம். பிறகு அவர் சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அந்தக் குட்டிகளை ஒரு கூடையில் வைத்து அதே தென்னையில் கட்டிவிட்டு நாங்கள் விலகிப் போயிருந்தால், தாய் அணிலே பொழுது சாய்வதற்குள் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு கூட்டுக்குக் கொண்டுபோயிருக்கும். அந்த அணில் இரண்டு நாளும் ஓட்டு மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. எங்களுக்கு ஏதோ சொல்கிறது என்றுகூடத் தோன்றவில்லை.

"மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது" என்பதை எல்லோரும் நம்புகிறோம். அணிலுக்கும் பெரும்பாலான பறவைகளுக்கும் அது உண்மையில்லை. தாய் வராமல் போவதற்கு முக்கியக் காரணம் நாம் அங்கேயே சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதுதான்.

பறவைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இப்படித்தான். அதன் மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும். அலகைப் பிளந்து தண்ணீர் விட்டால் நேராக உள்ளே போய்விடும். கூகைக்கோ, தின்கிற எலியிலேயே தேவையான ஈரம் பெருமளவு கிடைத்துவிடும். ஒரு பகல் பட்டினி கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான், அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாட்டில் அந்த இனத்தையே கிட்டத்தட்டத் துடைத்துப் போட்டது. 2006-ல்தான் கால்நடைகளுக்கு அதைத் தயாரிக்கத் தடை வந்தது. ஒரு உயிருக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷம்.

சரி, பெட்டியில் வைத்தாயிற்று. அப்புறம்?

அப்புறம்தான் உண்மையான கஷ்டம். காலை ஏழரைக்கு போன் போட ஆரம்பித்தேன். ஒரு எண் அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் எடுத்தவர் "ஆள் வெளியே போயிருக்காங்க சார்" என்றார். பாம்பு என்றால் வருவோம் என்று வேறொருவர் சொன்னார். மதியம் இரண்டு மணிக்கு மேல் வனத்துறையிலிருந்து ஒரு இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு ஆளை நம்பி எத்தனை ஊர்!

ஆனாலும் அழைத்தே ஆக வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, இப்படி நம் கைக்கு வரும் காட்டு உயிர் அரசின் சொத்து. 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். கிடைத்த கிளியைக் கூண்டில் போட்டு "காப்பாத்தி வளர்க்கிறேன்" என்பது சட்டப்படி குற்றம், என் பார்வையில் அன்பும் இல்லை. இன்னொன்று, ஆந்தை கிடைத்தால் படம் எடுத்து ஊர் பெயரோடு பதிவு போடாதீர்கள். மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிக்கிற கூட்டம் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது.

அந்த இளைஞர் பெட்டியைத் திறக்காமலே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நானும் பின்னாலேயே போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார் டாக்டர். எலும்பு மூட்டிலேயே நொறுங்கியிருந்தது, வண்டி மோதியிருக்கலாம் என்றார். எப்படி ஒட்டினாலும் இனிமேல் பறக்காது. வனத்துறையில் பேசி, அவர்கள் ஒப்புதலோடு, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். நான் வெளியே நின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டார், "இதுக்கா இவ்வளவு அலைஞ்ச?"

அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். அலையாமல் விட்டிருந்தால் அந்தப் பறவை பகல் முழுக்க வெயிலில் கிடந்து, காக்கைகள் கண்ணைக் கொத்தக் கொத்தச் செத்திருக்கும். அந்தப் பகல் அதற்கு வேண்டாம் என்றுதான் அலைந்தேன். கருணைக் கொலை என்றால் நமக்கெல்லாம் பாவம் என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரவு முழுக்கச் சத்தமே இல்லாமல் வயல் மேல் பறந்த உயிரை இனி ஒரு மூலைக் கூண்டில் வைத்து, செத்த கோழிக்குஞ்சைப் போட்டு வருஷக்கணக்கில் வளர்ப்பது அதற்குச் செய்கிற நன்மையா, நம் மனத்தைத் தேற்றிக்கொள்வதா? எனக்கு இது பின்னதாகத்தான் படுகிறது. மாற்றுக் கருத்து இருப்பவர்களை மதிக்கிறேன்.

"இயற்கை பார்த்துக்கொள்ளும், நாம் ஏன் தலையிடணும்" என்று என் நண்பர் ஒருவர் வாதாடுவார். வல்லூறு ஒரு அணிலைத் தூக்கிக்கொண்டு போனால் நானும் தலையிட மாட்டேன், அது வல்லூறின் சாப்பாடு. ஆனால் அந்தக் கூகையை அடித்தது வண்டியாகத்தான் இருக்கும். கீரைப்பாத்தியில் நான் கட்டிய நைலான் வலையில் போன வருஷம் ஒரு சாரைப்பாம்பு சிக்கி, செதில் உரிந்து கிடந்தது. நாம் வைக்கிற எலி மருந்தைத் தின்ற எலியை ஆந்தை தின்கிறது. மாஞ்சா நூல் பருந்தின் இறக்கையை அறுக்கிறது. பூனை கடித்த குருவிக்கு வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாது, ஆனால் பூனை வாயில் இருக்கும் கிருமி உள்ளே போய்விடும், மருந்து கொடுக்காவிட்டால் பிழைப்பது அபூர்வம். அந்தப் பூனைக்குச் சோறு போடுவது யார்? நம் வீட்டிலிருந்து போன காயத்துக்கு இயற்கையைக் கைகாட்டுவது நியாயமில்லை.

எல்லாவற்றையும் கையால் தொடலாம் என்று நான் சொல்லவில்லை. பாம்பு, குரங்கு, நரி, கீரி, வௌவால், மரநாய் இவற்றை நீங்கள் தொடவே வேண்டாம். தள்ளி நின்று, நாயையும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, ஆளைக் கூப்பிடுங்கள். பாம்பென்றால் தீயணைப்புத் துறை, 101. பாலூட்டி எதுவாக இருந்தாலும் கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் வெளியே தெரிந்த பிறகு வைத்தியம் கிடையாது.

அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து வருகிற டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஏதாவது ஒரு அரசு கால்நடை மருந்தகத்தில், காட்டு உயிர்களுக்கு முதல் நாள் சிகிச்சை தர ஒரு இருட்டறை, சில கூண்டுகள், பயிற்சி பெற்ற ஒருவர், எப்போதும் எடுக்கப்படும் ஒரு போன். பெரிய செலவே இல்லை. இன்று மாடு, ஆடு, கோழிக்கு மருந்து தருகிற இடத்தில் மயிலைக் கொண்டுபோனால் "இது எங்க வேலை இல்லை" என்ற பதில் வருகிறது. வனத்துறைக்குப் போனால் அங்கே பெரும்பாலும் டாக்டர் இல்லை. இந்த இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே இருக்கிற தூரத்தில்தான் பல உயிர்கள் போகின்றன.

கீரைப்பாத்தி வலையை அவிழ்த்துவிட்டேன். எலி மருந்தும் வாங்குவதில்லை, எலிக்கூண்டு வைத்துத்தான் பிடிக்கிறோம். பரணில் ஓட்டை போட்ட பெட்டி ஒன்றும் துண்டு ஒன்றும் தயாராக இருக்கின்றன.

சித்திரையில் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டியின் குரல். "தம்பி, காக்காக் குஞ்சு ஒண்ணு கீழ கெடக்கு. நான் தொடலை, பாலும் ஊத்தலை. பெட்டிய எடுத்துக்கிட்டு வா." போய்ப் பார்த்தேன். குஞ்சுக்கு இறகெல்லாம் நன்றாக முளைத்திருந்தது. தத்தித் தத்திக் கறிவேப்பிலைச் செடியடியில் ஒண்டிக்கொண்டது. இரண்டு காக்கைகள் முருங்கை மேலிருந்து எங்களைத் திட்டின. பறக்கப் பழகுகிற குஞ்சு, காயம் ஒன்றும் இல்லை, தாய் பார்த்துக்கொள்ளும் என்றேன். பாட்டி தன் பூனையைத் தூக்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார். நான் பெட்டியைத் திறக்காமலே திரும்பி வந்தேன்.