டேக் எங்கே என்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

மூன்று நாட்களாக நம் ஹூஸ்டன் தூண்டில் குழுவில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. கால்வெஸ்டனில் கடலுக்குள் நீளும் கல்கரையான ஜெட்டியில் எடுத்து, குழுவில் ஒருவர் போட்ட படத்தின் கீழே நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஐஸ்பெட்டியில் கிடந்த இரண்டு ரெட்ஃபிஷ்ஷும் 28 அங்குலத்தைத் தாண்டியவை என்பது பார்த்தாலே தெரிகிறது. இரண்டின் வாலிலும் டேக், அதாவது பெரிய மீனை எடுக்கும்போது கட்ட வேண்டிய அனுமதிச் சீட்டு, இல்லை. ஆகவே டேக் எங்கே என்று கேட்டேன். அதற்குக் கிடைத்த பட்டங்கள், ஊர்க்காரனையே காட்டிக்கொடுப்பவன், வெள்ளைக்காரனுக்கு வால் பிடிப்பவன், மீன் பிடிக்கத் தெரியாத பொறாமைக்காரன். மீன்பிடிச் சட்டத்தைக் காக்கும் அதிகாரியான கேம் வார்டனை நான் அழைக்கவில்லை. படத்தை வெளியே யாருக்கும் அனுப்பவில்லை. நம் குழுவின் விஷயத்தை நம் குழுவுக்குள்ளேயே கேட்டேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக மட்டும் விதியைச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் ரெட் ட்ரம், அதாவது ரெட்ஃபிஷ் மீனில் 20 முதல் 28 அங்குலம் வரை உள்ளவற்றில் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று எடுத்துக்கொள்ளலாம். 28 அங்குலத்தைத் தாண்டியதை எடுக்க வேண்டுமானால், உப்புநீர் லைசென்ஸுடன் வருகிற டேக்கில் மையால் விவரங்களை எழுதி, தேதியையும் மாதத்தையும் வெட்டி, வாலுக்குச் சற்று முன்னால் உடல் ஒடுங்கும் இடத்தில் உடனே கட்டிவிட வேண்டும். டிஜிட்டல் லைசென்ஸ் வாங்கியவர்கள் செயலியில் பதிவு செய்ய வேண்டும். செப்டம்பரில் தொடங்கும் லைசென்ஸ் ஆண்டுக்கு ஒரு டேக். வேண்டுமென்றால் இன்னொன்றுக்கு போனஸ் டேக் வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு பெரிய மீன், அதற்குமேல் இல்லை. இதில் எது கொடுமை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஏன் பெரிய மீனுக்கு மட்டும் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்டவருக்கு அங்கேயே பதில் எழுதினேன். அது நீக்கப்பட்டுவிட்டதால் இங்கே மீண்டும் எழுதுகிறேன். ரெட் ட்ரம் தன் முதல் சில ஆண்டுகளைக் கழிமுகங்களிலும் வளைகுடாக்களின் உட்பகுதியிலும் கழிக்கிறது. 28 அங்குலத்தை நெருங்கும் காலத்தில்தான் முதிர்ந்து கடலுக்குப் போய், இனப்பெருக்கம் செய்யும் கூட்டத்தோடு சேர்கிறது. அந்த மீன் நாற்பது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. இலையுதிர் காலத்தில் அது முகத்துவாரங்களை ஒட்டி முட்டையிட வருகிறபோதுதான், 'புல் ரெட்' (பெரிய ரெட்ஃபிஷ்) வந்துவிட்டது என்று நாமெல்லாம் ஜெட்டிக்கு ஓடுகிறோம். அதாவது, முட்டையிட வரும் தாய்மீனைத்தான் நாம் வழியில் நின்று பிடிக்கிறோம். அப்படிப் பிடிப்பதில் ஒன்றிரண்டை எடுத்துக்கொள், மற்றதை விட்டுவிடு என்று சொல்கிற சட்டத்தை எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

"வலை போட்டு வாரிக்கொண்டு போகிறவர்களை விட்டுவிட்டுத் தூண்டில்காரனை ஏன் பிடிக்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். வேறு மீனாக இருந்தால் அவரோடு பாதி தூரமாவது சேர்ந்து நடந்திருப்பேன். ஆனால் டெக்சாஸில் இந்த மீனைப் பிடித்து விற்பதற்கு 1981ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. 1988இல் கரையோர நீரில் வலைகளுக்கும் தடை வந்தது. நம் கரையில் இந்த மீனை எடுப்பவர்கள் இன்று நாம்தான், பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்கள்தான். எழுபதுகளில் அழியும் நிலைக்குப் போன மீனை, வணிக மீனவர்களின் தொழிலை நிறுத்தித்தான் மீட்டெடுத்திருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பையே விட்டுக்கொடுத்த இடத்தில் நம்மால் ஒரு துண்டுத் தாளைக் கட்ட முடியாதா?

"அரசு பணம் பார்க்கிறது" என்பவருக்குப் பதில் சொல்லக்கூட விருப்பமில்லை. முதல் டேக் லைசென்ஸோடு சேர்ந்தே வருகிறது. போனஸ் டேக்கின் விலை மூன்று டாலர். அன்றைய தூண்டில் இரைக்கே அதைவிட அதிகம் செலவழித்திருப்பீர்கள்.

"ஏமாற்றுகிறவன் எப்படியும் ஏமாற்றுவான், ஒழுங்காக நடக்கிறவனுக்குத்தான் தொல்லை" என்பதைப் பலரும் சொன்னார்கள். இது எந்தச் சட்டத்தைப் பற்றியும் சொல்லக்கூடிய வாதம். ஜெட்டியில் நிற்கிற ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் மீனில் டேக்கைப் பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் கேட்கிறார்கள். கேட்கிற பழக்கம் இருப்பதால்தான் இந்த முறை நடக்கிறது, நான் செய்ததும் அதைத்தான். தெரியாத ஒரு டெக்சாஸ்காரர் கேட்டிருந்தால் "ஸாரி" சொல்லியிருப்பீர்கள். தமிழன் கேட்டதால் துரோகமாகிவிட்டது.

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் அப்பா இங்கே வந்திருந்தார். நாகப்பட்டினத்தில் பிறருடைய விசைப்படகில் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர். வெளியூர்க்காரருக்கான லைசென்ஸை அவர் பெயரில் எடுத்தபோது அதிலும் டேக் இருந்தது. ஜெட்டியில் அவருக்கு ஒரு பெரிய மீன் மாட்டியது. காற்றில் தாள் பறக்காமல் முழங்காலில் வைத்துக்கொண்டு, நான் சொல்லச்சொல்ல நிதானமாக எழுதினார், தானே கட்டினார். அதன் பிறகு மாட்டியதையெல்லாம் அவரே தண்ணீரில் பிடித்து, அது வாலடிக்கும் வரை காத்திருந்து விட்டார். திரும்பி வரும்போது காரில், "எங்களுக்கு ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கடலையே மூடிடுறாங்க தம்பி. இங்க கடல மூடல, மீன எண்ணுறாங்க. இது நல்லாயிருக்கு" என்றார். அடுப்பெரிவதே கடலை நம்பித்தான் என்று இருந்தவர் அவர். தடைக்காலத்தில் கரையில் உட்கார்ந்து வலை பின்னிய அந்த மனிதருக்கு ஒரு டேக் கட்டுவதில் எந்த மானக்கேடும் தெரியவில்லை. "எங்க தாத்தா எந்தச் சீட்டை வைத்து மீன் பிடித்தார்" என்று எழுதியவர் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா சொன்னதில் உள்ள நியாயத்தை இங்கேயே பார்க்கலாம். ரெட் ஸ்னாப்பர் என்ற இன்னொரு மீனுக்கு இதுவரை பெரும்பாலும் பிடிக்கும் நாட்களைத்தான் குறைத்திருக்கிறார்கள். 2017இல் மெக்சிகோ வளைகுடாவில் மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நீரில் தனியார் படகுகளுக்கு முதலில் அறிவித்தது மூன்றே நாள். கூச்சல் எழுந்த பிறகு 39 நாட்களைக் கூட்டினார்கள். அமெரிக்காவின் தென்கிழக்கு அட்லாண்டிக் கரையில் 2024இல் ஒரே ஒரு நாள், ஜூலை 12. அன்றைக்குக் காற்று எப்படி இருந்தாலும், படகு சிறியதாக இருந்தாலும், விட்டால் அடுத்த ஆண்டுதான் என்று எல்லோரும் ஒரே நாளில் கடலுக்குப் போனார்கள். ஆளுக்கு இத்தனை டேக் என்று கொடுத்து, கடல் அமைதியாக இருக்கிற நாளில் போய்க்கொள் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆழத்திலிருந்து இழுத்த மீன் காற்றுப்பை உப்பிச் சாகிறது, டேக் அதைத் தடுக்காது என்பார்கள். உண்மைதான், அதற்குத்தான் மீனைக் கீழே இறக்கும் கருவி இருக்கிறது. டேக் போதாமல் போனால் குலுக்கலா, யாருக்குக் கிடைக்கும் என்பது நியாயமான கவலை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே நாளில் உயிரைப் பணயம் வைத்து ஓடுவதைவிடக் குலுக்கல் மேல்.

ஃப்ளோரிடாவில் டார்ப்பன் என்ற பெரிய மீனுக்கு ஆண்டுக்கு 2,500க்கு மேல் டேக் தரக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. 2013க்குப் பிறகு, சாதனைக்காகத் தவிர அந்த மீனை எடுக்கவே முடியாது. நம் ஊரிலும் 2021 பிப்ரவரிக் குளிரில் டெக்சாஸ் கரையில் 38 இலட்சம் மீன்கள் செத்தன என்று மாநிலத் துறை கணக்கிட்டது. ட்ரௌட் என்ற கடல்மீன் அதில் மிகவும் அடிபட்டது. 2024 செப்டம்பரிலிருந்து 28 அங்குலத்தைத் தாண்டிய ட்ரௌட்டுக்கும் டேக் வந்துவிட்டது. செத்து மிதந்த மீன்களைக் கரையில் நின்று பார்த்து வருத்தப்பட்டவர்களில் சிலர்தான் இன்று எனக்கு எதிராக எழுதுகிறார்கள். அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. திட்டியதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், பத்து வருடம் ஒரே ஐஸ்பெட்டியில் மீன் போட்டவர்கள், "அவர் கேட்டதில் தவறில்லை" என்று ஒரு வரி எழுதாமல் இருந்ததைத் தாங்க முடியவில்லை.

டேக் விதியே தவறு என்று உண்மையாக நினைப்பவர்கள், மாநில ஆணையம் விதிகளை மாற்றும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும்போது எழுதுங்கள். நானும் என் கருத்தை அங்கே எழுதுவேன். அந்தக் கேள்வியை நான் நீக்கப்போவதில்லை. வரும் அக்டோபரில் என் காரில் ஜெட்டிக்கு வருகிறவர்கள் லைசென்ஸும், டேக்கும், மை தீராத பேனாவும் எடுத்து வாருங்கள். அதில் சங்கடம் இருப்பவர்கள் அன்று வேறு காரில் வரலாம்.