புருஷன் கையெழுத்து எந்தச் சட்டத்துல இருக்கு?

கருக்கலைப்பு பாவமா இல்லையான்னு டைம்லைன் முழுக்க சண்டை. பாவம்னு நம்புறவங்க நம்பட்டும், அவங்ககூட எனக்கு வழக்கில்ல. ஆனா நம்ம நாட்டுல இது குற்றம்னே படிச்சவங்க கூட நினைச்சிட்டு இருக்காங்க, அதுதான் தாங்கல. ஸ்கேன் சென்டர்ல ஆணா பெண்ணான்னு சொல்றது குற்றம்னு போர்டு இருக்கும்ல, அதைப் பார்த்துட்டு கலைக்கிறதே குற்றம்னு முடிவு பண்ணிடறாங்க. அது 1994ல வந்த வேற சட்டம்ங்க.

கருக்கலைப்புக்கு 1971லயே தனிச்சட்டம் இருக்கு. 2021 திருத்தத்துக்கு அப்புறம் 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் ஒத்துக்கிட்டா போதும், அதுக்கு மேல 24 வாரம் வரைக்கும் சில காரணங்களுக்கு ரெண்டு டாக்டர். கருத்தடை பண்ணியும் தங்கிடுச்சுன்னா அதுவும் 20 வாரம் வரைக்கும் காரணம்தான், கல்யாணம் ஆகியிருக்கணும்னு கூட இல்ல. (டாக்டர் ஒத்துக்கணும்ங்கறதே எனக்கு உடன்பாடில்ல, அவ முடிவு போதாதா?) பதினெட்டு வயசு முடிஞ்ச பொண்ணுக்கு, மனநலம் பாதிக்கப்பட்டவங்க தவிர, அவ சம்மதம் மட்டும் போதும். சட்டத்தோட சம்மதப் படிவத்துல புருஷன் கையெழுத்துக்கு இடமே கிடையாது.

நடக்கறது என்ன? சொந்தத்துல ஒரு அக்கா, சின்னது இன்னும் பால்குடி, நாள் தள்ளிப்போனதுமே ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு, ஏழாவது வாரம். வீட்டுக்காரர் வந்து கையெழுத்து போடணும்னு ஃபாரத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அவரு வளைகுடால வேலை, லீவு இல்ல, வீடியோ கால்ல பேசுறேன்னாரு, அதுவும் ஒத்துக்கல. இன்னொரு இடத்துல குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் சேர்த்துப் பண்ணிக்கிட்டாதான் செய்வோம்னாங்க. இப்படியே அலையவிட்டு, மாத்திரையில முடிய வேண்டியது மூணு மாசம் தாண்டி அட்மிட் பண்ணி ரத்தம் ஏத்துற அளவுக்குப் போயிடுச்சு.

2023 அக்டோபர்ல 26 வாரக் கர்ப்பத்தோட ஒரு கல்யாணமான பொண்ணு சுப்ரீம் கோர்ட் போனாங்களே, முதல்ல சரின்னாங்க, அப்புறம் ரெண்டு ஜட்ஜும் ரெண்டு விதமா சொன்னாங்க, கடைசில மூணு பேர் பெஞ்ச் முடியாதுன்னுடுச்சு. அந்தக் கேஸ்ல எனக்கும் மனசு ரெண்டாத்தான் இருந்துச்சு, வாரம் ஏற ஏற கஷ்டமான கேள்விதான். அப்போ ஏழாவது வாரத்துலயே வந்து நிக்கிறவள எதுக்குத் திருப்பி அனுப்புறீங்க? உயிருன்னு பதறுறவங்கதான் இந்தத் தாமதத்தை முதல்ல எதிர்க்கணும், ஒருத்தர் கூட வாயைத் திறக்கக் காணோம்.

டாக்டர், நர்ஸ் நண்பர்கள் இதைப் படிச்சா, உங்க ஆஸ்பத்திரி ஃபாரத்துல கணவர் கையெழுத்துன்னு ஒரு கட்டம் இருக்கான்னு நாளைக்கே பாருங்க, இருந்தா எடுக்கச் சொல்லுங்க.