பதில் வராத ஜெபத்தையும் எழுதலாம்

தேவன் தன் வாழ்வில் செய்ததைச் சொல்லும் சாட்சியை எழுதினால் வெற்றியில்தான் முடிக்க வேண்டும் என்று, சாட்சி எழுதுவது பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் சொல்வதை ஏற்க முடியவில்லை. துயரத்தில் செய்த ஜெபமான சங்கீதம் 88 இருளில்தான் முடிகிறது. அதை யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லையே! அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் (அவரை வாட்டிய ஒரு வேதனை) நீங்க மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை. அதையும் மறைக்காமல் கொரிந்து சபைக்கு எழுதினார் (2 கொரிந்தியர் 12).

எங்கள் சபையில் ஓர் அக்கா, மகன் இன்னும் குடியை விடவில்லை, ஜெபியுங்கள் என்று சாட்சி நேரத்தில் அழுதார். ஆராதனை முடிந்ததும் அதே பாரத்தோடு வந்திருந்த தாய்மார்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சுகம் கிடைத்த சாட்சிகளும் வேண்டும், சரி. ஆனால் நடக்காததை நடந்ததாக எழுதினால், அதைப் படித்துவிட்டுத் தன் விசுவாசம்தான் குறைவு என்று நொந்துபோகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?