தூக்கத்தில் மூளை நின்றுவிடுவதில்லை

நண்பர் ஒருவர், "தூங்கினதும் மூளை ஆஃப் ஆயிடும், அலையெல்லாம் அடங்கிடும்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு நிறைய லைக் வேறு! ஆனால் அது சரியில்லை.

மனித மூளையின் மின் அலைகளை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், 1924-இல். விழித்திருப்பவர் கண்ணை மூடி அமைதியாக இருந்தால் நொடிக்கு 8 முதல் 13 வரை அலைகள் வரும். கண்ணைத் திறந்ததும் அவை மங்கி, சிறிய, வேகமான அலைகள் தெரியும். ஆழ்ந்த தூக்கத்திலோ வேகம் நொடிக்கு 4-க்கும் கீழே இறங்கும். ஆனால் அலையின் உயரம் பெரிதாகிவிடும். காரணம், ஏராளமான நரம்பு செல்கள் ஒன்றாகத் துடித்து ஒன்றாக ஓய்கின்றன. திருவிழாக் கூட்டத்தின் சலசலப்பு திடீரென ஒரே கோஷமாக மாறுவது மாதிரி. இந்தக் கட்டத்தில் மூளை செலவழிக்கும் சக்தி குறைவது உண்மைதான். நண்பர் சொன்னதில் அந்த அளவுக்குத்தான் நியாயம்.

அப்புறம் கனவுத் தூக்கம். இதைப் பற்றி 1953-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியிட்டார்கள். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும். மூளை அலைகள் விழித்திருப்பவருடையவை போலவே இருக்கும், சக்திச் செலவும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறிவிடும். அணைந்து கிடப்பது கை கால் தசைகள்தான், அதுவும் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு அனுப்பும் உத்தரவால். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்ற இந்தச் சுற்று சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும், விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீளும்.