மெமரியைக் கூட்டுவதற்கு முன் சார்ஜரைப் பாருங்கள்

ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியில் வீடியோ திக்கினால் கிராபிக்ஸ் மெமரியை 512 எம்பிக்கு உயர்த்தச் சொல்கிறது உங்கள் கட்டுரை. பழைய மாடல்களுக்கு அது சரி. ஆனால் 4இல் முப்பரிமாணப் படங்களை வரையும் பகுதி தனக்கு வேண்டிய மெமரியை இயங்குதளமான லினக்ஸிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். நாம் ஒதுக்குவது அதற்குப் போய்ச் சேராது, மற்ற வேலைகளுக்கான மெமரிதான் குறையும். தயவுசெய்து திருத்திவிடுங்கள், புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் இதை நம்பி நாட்களை வீணாக்குவார்கள்.

நிலாவெளியில் மச்சானின் விடுதி வரவேற்பறையில் புறாத்தீவின் கடலடி வீடியோவை இந்தக் குட்டிக் கணினிதான் ஓட்டுகிறது. காலையில் வழுக்கிக்கொண்டு போகும். ஆடி மாதச் சூடான கச்சான் காற்றில் மத்தியானம் ஆனதும் மீன்கள் நின்று நின்று நீந்தும். திரையின் மேல்மூலையில் மஞ்சள் மின்னல் குறி வேறு. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4.63க்குக் கீழே இறங்கினால் வரும் எச்சரிக்கை அது. பார்த்தால், பழைய போன் சார்ஜரும் நூல் மாதிரி ஒரு கேபிளும்! திருகோணமலை டவுனில் 3 ஆம்பியர் சார்ஜர் வாங்கி மாட்டினேன், மின்னல் போனது. திக்கல் பாதிதான் குறைந்தது. ப்ராசசரின் வெப்பம் 84 பாகை செல்சியஸ். 80ஐத் தொட்டாலே ப்ராசசர் வேகத்தைக் குறைக்கும், 85இல் கிராபிக்ஸும் சேர்ந்து குறையும். கடற்கரை உப்பில் சின்ன விசிறி சீக்கிரம் இறுகிவிடும் என்று தடித்த அலுமினிய உறை போட்டோம். இப்போது மத்தியானத்திலும் 65ஐத் தாண்டுவதில்லை.

அப்புறம், வீடியோவைச் சுருக்கிய முறை எச்.264 என்றால் 1080பி அளவுக்கு மேல் வேண்டாம். 4கே கட்டாயம் என்றால் எச்.265க்கு மாற்றுங்கள், 4கே அளவில் அதற்குத்தான் பை 4இல் வன்பொருள் உதவி இருக்கிறது.